ஷிப்ட் மாறும்போது ஒரு கால் மணி நேரம்

கேள்வி: நகராட்சியில் பொறியாளராக இருக்கிறேன். வெள்ளம் வந்தால் இரண்டு வாரம் மூச்சுவிட நேரமிருக்காது. ஊழியர்களில் பாதிப்பேர் புதியவர்கள். பயிற்சி வகுப்புக்கு அனுப்ப வழியில்லை. எப்படித்தான் தேறுவார்கள்?

பதில்: வகுப்பை மறந்துவிடுங்கள். இந்த நேரத்தில் உங்கள் ஆட்கள் தினமும் கற்றுக்கொண்டுதான் இருப்பார்கள். கற்றது அடுத்த ஆளுக்குப் போய்ச் சேராததுதான் சிக்கல்.

தண்ணீர் இறைக்கும் பம்பையே பாருங்கள். உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கத் தொடங்கினால் சத்தம் மாறும். நிறுத்தாமல் விட்டால் பம்ப் போய்விடும். பழைய ஆபரேட்டருக்கு அது காதிலேயே தெரியும். கேட்டால், "பழக்கம்தான் சார்" என்பார். இதைச் சுற்றறிக்கையில் எழுத முடியாது. புதியவரை அவரோடு இரண்டு இரவு சேர்த்துப் போடுங்கள்.

அடுத்து, ஷிப்ட் மாறும்போது நின்றபடியே ஒரு கால் மணி நேரம் பேசுங்கள். என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்த ஷிப்டில் எதை மாற்றலாம்: இவ்வளவுதான். அமெரிக்க ராணுவம் 1970களில் பயிற்சிக் களத்தில் வளர்த்தெடுத்த முறை இது. அங்கே பதவி பார்க்காமல் பேசலாம். நம் அலுவலகங்களில் அதுதான் கஷ்டம். ஆகவே, முதலில் உங்கள் தவறை நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் பேசியதை வைத்து ஒருவருக்கு மெமோ கொடுத்தீர்களோ, மறுநாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு நோட்டு இருக்கட்டும். எடுத்த முடிவோடு, அப்போது கையிலிருந்த தகவலையும் எழுதுங்கள்: "இரவு 2.10. தரைப்பாலத்தை மூடவில்லை. அணை திறப்பு பற்றிச் செய்தி வரவில்லை." விளைவு தெரிந்தபின், 'இது முன்பே தெரிந்ததுதானே' என்று மனம் கதை கட்டும். உளவியலாளர் பாருக் ஃபிஷாஃப் 1975இல் சோதனைகள் மூலம் காட்டியது இதைத்தான். கையிலிருந்த தகவலைச் சொல்லும் அந்த வரி இல்லாவிட்டால் விசாரணை குற்றப்பத்திரிகையாகத்தான் முடியும்.

வாட்ஸ்அப் குழுவை நம்பாதீர்கள். காலையில் வந்த பாடம் மாலைக்குள் நூறு போட்டோக்களுக்கு அடியில் போய்விடும். அதற்குப் பதில், போன வருடம் வெள்ளம் பார்த்த ஊரில் உங்கள் பதவியிலேயே இருப்பவரைப் போனில் கூப்பிடுங்கள். மேலதிகாரியிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைக்கூட அவரிடம் கேட்கலாம்.

மாறுதலில் போகிறவரிடம் சாவியோடு அந்த நோட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.