ஆபரேஷன் ஆகி ஏழு வாரம், எடை அசையவில்லை: என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 41 வயது. இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஏழு வாரம் ஆகிறது. போகும்போது 112 கிலோ இருந்தேன். முதல் ஒரு மாதத்திலேயே 11 கிலோ குறைந்தது. அதன்பின் 16 நாளாக 101-லேயே நிற்கிறது. கூழ் மாதிரியான உணவிலிருந்து கெட்டியான உணவுக்கு மாறியதிலிருந்து நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. நெஞ்சில் அடைத்துக்கொண்டு நுரை நுரையாக வருகிறது. என்னை ஆபரேஷனுக்கு அழைத்துப்போன கோஆர்டினேட்டர், "வயிறு விரிந்துவிட்டது, ஐந்து நாள் ரீசெட் பவுடர் குடித்தால் சரியாகும்" என்கிறார். "இவ்வளவு செலவு செய்து இதுதானா" என்று வீட்டில் குத்திக்காட்டுகிறார்கள். ஆபரேஷன் தோற்றுவிட்டதா?

பதில்: தோற்கவில்லை. வயிறும் விரியவில்லை. அந்தப் பவுடர் வேண்டாம். அவசரமாக இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நுரை, வாந்தி பற்றிக் கீழே எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் எடை. குறைந்த 11 கிலோவும் கொழுப்பு என்று நினைத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நம் கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிட்டத்தட்ட அரைக் கிலோ இருப்பாக இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாடு திடீரென்று குறைந்ததும் உடம்பு முதலில் கைவைப்பது அதில்தான். இருப்பு கரையும்போது தண்ணீரும் கூடவே போய்விடுகிறது. ஆக, முதல் சில வாரங்களில் எடை மெஷின் காட்டிய வேகத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ வெறும் தண்ணீர்க் கணக்கு.

அப்புறம் கெட்டியான உணவு ஆரம்பிக்கிறது. இருப்பு கொஞ்சம் நிரம்புகிறது, தண்ணீர் திரும்பி வருகிறது. மாதவிடாய் நெருங்கினால் இன்னும் கொஞ்சம் நீர் சேரும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் மெஷினுக்குக் கொழுப்பும் தண்ணீரும் ஒன்றுதான், மொத்த எடையைத்தான் காட்டும். மூன்றாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் நடுவில் ஒரு தடவையாவது எடை நிற்காதவர்கள் குறைவு. நீங்கள் ஒரு நாளைக்குச் சாப்பிடுவது 700 கலோரியைத் தாண்டாது என்று நினைக்கிறேன். 100 கிலோ உடம்பு சும்மா படுத்திருந்தாலே அதைவிட இரண்டு மடங்கு எரிக்கும். பாக்கியை எங்கிருந்து எடுக்கும்? கொழுப்பிலிருந்துதான்.

எனவே மெஷினை எடுத்துப் பரண்மேல் வையுங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், காலையில் கழிப்பறை போய்வந்தபின், சாப்பிடுவதற்கு முன் ஏறினால் போதும். கூடவே ஒரு டேப் வாங்கி, தொப்புளைச் சுற்றி அளந்து எழுதிவையுங்கள். எடை நின்ற வாரங்களில் இடுப்பு இறங்குவதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அளக்கச் சொல்லி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

எவ்வளவு குறையும் என்றும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஆபரேஷனுக்கு முன்னால் உங்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒன்று, ஒன்றரை வருடத்தில் ஆரம்ப எடையில் சுமார் கால் பங்கு குறையும். 112-இல் கால் பங்கு 28. அதாவது 84 கிலோ பக்கம் வந்து நிற்பீர்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதில் 11 கிலோ ஏழே வாரத்தில் குறைந்துவிட்டது. "ஆறு மாதத்தில் பாதி ஆளாகிவிடுவீர்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்லவில்லை, பர்ஸைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் குத்திக்காட்டுபவர்களிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனி அந்தக் கோஆர்டினேட்டர். அவர் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. ஆளைக் கூட்டிவந்தால் கமிஷன் வாங்கும் இடைத்தரகருக்கு இந்தத் துறையில் வைத்த மரியாதையான பெயர் அது. எல்லாக் கோஆர்டினேட்டரும் அப்படியில்லை, மருத்துவமனையே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நல்லவர்களும் உண்டு. யார் எந்த வகை என்று தெரிந்துகொள்வது சுலபம். பவுடரின் பெயரை எழுதி, மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் டாக்டர் கையெழுத்தோடு வாங்கித்தரச் சொல்லுங்கள். சம்பளக்காரராக இருந்தால் போய்க் கேட்டுவருவார். கமிஷன்காரருக்கு அன்றோடு உங்கள் நம்பர் மறந்துபோகும்.

அந்த ரீசெட் எப்படி "வேலை செய்கிறது" என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்தையும் அதற்குமேலும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், மிஞ்சுவது ஒரு குழாய். அது ஏழு வாரத்தில் விரிந்துவிடாது. பிறகு வருடக்கணக்கில் கொஞ்சம் தளரும், அதைச் சுருக்க எந்தப் பவுடராலும் முடியாது. ஆனால் ஐந்து நாள் வெறும் திரவமாகக் குடித்தால் மேலே சொன்ன அதே மாவுச்சத்து இருப்பு மறுபடி காலியாகும், அதே தண்ணீர் மறுபடி இறங்கும், மெஷினில் ஒன்றரைக் கிலோ குறையும். ஆறாம் நாள் சாப்பிட்டதும் திரும்பி வரும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். சிலருக்கு எடை தானாக இறங்க வேண்டிய நேரத்தில் பவுடரும் வந்து சேர்ந்திருக்கும், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அப்படி ஒருவருடைய படம்தான் விளம்பரமாக வாட்ஸ்அப் குழுவில் அடுத்த ஆறு மாதத்துக்கு ஓடும். இழப்பு எதில் என்றால் புரதத்தில். அந்த ஐந்து நாளும் கொழுப்போடு தசையும் கரையும், தசை போனால் உடம்பு எரிக்கும் கலோரியும் குறையும். எடை நின்றதற்கு மருந்து என்று வாங்கியது, எடை நிற்பதற்கே வழி செய்துவிடும்.

புரோட்டீன் பவுடரே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம். நாலு வாய் சாப்பிடும் வயிற்றை வைத்துக்கொண்டு உணவில் மட்டும் அந்தக் கணக்கைத் தொடுவது இப்போதைக்கு முடியாது, பவுடர் தேவைப்படும். ஆனால் டப்பாவின் முன்பக்கம் இருக்கும் பெரிய எழுத்தை நம்பாதீர்கள். பின்பக்கம் திருப்புங்கள். ஒரு வேளைக்கு எத்தனை கிராம் பவுடர், அதில் எத்தனை கிராம் புரதம் என்று இரண்டு எண் இருக்கும். 30 கிராம் பவுடரில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருந்தால் வாங்கலாம். 30-க்கு 10 என்று இருந்தால் நீங்கள் வாங்குவது வாசனை சேர்த்த சர்க்கரை. "டாக்டர்கள் பரிந்துரைத்தது" என்று அட்டையில் போட்டிருப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் வயிறு சின்னது என்பது மட்டுமல்ல, இறுக்கமானதும்கூட. முன்பிருந்த வயிறு உணவுக்கு ஏற்ப நெகிழ்ந்து கொடுத்தது. வெட்டி எடுத்தது பெரும்பாலும் அந்த நெகிழும் பகுதியைத்தான். அதனால் ஒரு வாய் கீழே இறங்குமுன் அடுத்த வாய் போனால், இரண்டும் உணவுக்குழாயின் அடியில் நிற்கும். உடம்பு அதை வழுக்கி இறக்கப் பார்த்து எச்சிலையும் சளியையும் சுரக்கும். நீங்கள் பார்க்கும் நுரை அதுதான். அந்த நேரத்தில் எல்லோரும் செய்வது தண்ணீர் குடிப்பது. செய்யாதீர்கள், அடைத்திருப்பதன் மேல் தண்ணீரும் ஏறி நிற்கும், வலி கூடும். எழுந்து மெதுவாக நடங்கள். கொஞ்ச நேரத்தில் இறங்கும், அல்லது நுரையோடு மேலே வரும். அந்த வேளைக்கு அதோடு சாப்பாடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கே ஒரு வேளையை இப்படிச் செய்து பாருங்கள். குழந்தைகளுக்கு ஊட்டும் ஸ்பூன் ஒன்று, கடிகாரம் ஒன்று, மென்மையாக வேகவைத்துக் கலக்கிய ஒரு முட்டை. ஸ்பூனின் நுனியளவு எடுத்து, கூழாகும் வரை மெல்லுங்கள். விழுங்கியதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் வையுங்கள். கையில் ஸ்பூன் இருந்தால் அது தானாக வாய்க்குப் போகும், அதனால்தான் சொல்கிறேன். ஒரு முழு நிமிடம் கழித்து அடுத்த வாய். விக்கல், மூக்கில் நீர் வருவது, நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம், ஆளுக்கு ஆள் இதில் ஏதாவது ஒன்று முதலில் வரும். அதுதான் உங்கள் வயிற்றின் "போதும்". முட்டையில் பாதி மிஞ்சியிருந்தாலும் விட்டுவிடுங்கள், தட்டைக் காலி செய்யும் பழக்கம் இனி உதவாது. மொத்தம் இருபது, முப்பது நிமிடம் ஆகலாம். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி கழித்துக் குடியுங்கள். மற்ற நேரமெல்லாம் மடக்கு மடக்காகக் குடித்து, நாளைக்கு ஒன்றரை லிட்டராவது சேர்த்துவிடுங்கள்.

அதிகம் அடைப்பவை மூன்று: ஒட்டிக்கொள்ளும் சோறு, மெத்தென்ற ரொட்டி, காய்ந்த கோழிக்கறி. மென்றால் உருண்டையாகத் திரளும், பிரியாது. மீன், முட்டை, தயிர் போன்றவை சுலபமாக இறங்கும். நாலு வாயில் முதல் மூன்று புரதமாக இருக்கட்டும். ஒரு வாரம் இப்படிச் சாப்பிட்டும் கெட்டி உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கூழ் உணவுக்கு ஒரு படி இறங்கி இன்னொரு வாரம் இருங்கள். அச்சடித்த தாளில் ஏழாவது வாரம் என்று போட்டிருப்பதற்காக உங்கள் வயிறு தேறிவிடாது. அந்தத் தாளை எல்லோருக்கும் ஒரே மாதிரி நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் அத்தனை பரிசோதனை, அத்தனை கையெழுத்து. முடிந்தபின் ஒரு தாளும் ஐந்து நிமிடமும். வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டிய சிகிச்சையை டிஸ்சார்ஜ் அன்று முடித்துக்கொள்கிற இந்த ஏற்பாட்டைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இனி விதிவிலக்கு. "எல்லாம் சாதாரணம், பொறுங்கள்" என்று இதுவரை சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. அவசரமாக விழுங்கியபோது நுரை வருவது வேறு, தினமும் வாந்தி எடுப்பது வேறு. கெட்டி உணவு மட்டுமல்ல, தண்ணீரும் ஒரு முழு நாள் தங்கவில்லை என்றால் அது உங்கள் மெல்லும் பழக்கத்தின் தவறு இல்லை. குழாயாக மிஞ்சிய இரைப்பை ஓரிடத்தில் சுருங்கியோ முறுக்கிக்கொண்டோ இருக்கலாம். எண்டாஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள், சுருங்கியிருந்தால் பெரும்பாலும் பலூன் வைத்தே விரித்துவிடலாம். அதைவிட அவசரமானது தயமின் எனப்படும் பி1 வைட்டமின். உடம்பில் அதன் இருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் வரும். விடாமல் வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், கால் மரத்துப்போகும், பேச்சில் குழப்பம் வரும். தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பு.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. வாந்தியும் சோர்வுமாகப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு கிளினிக்குக்குப் போவீர்கள். "பலவீனம்" என்று குளுக்கோஸ் ஏற்றுவார்கள். பி1 தீர்ந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால், மிச்சமிருக்கும் பி1-உம் அதைச் செரிக்கவே செலவாகி, நிலைமை மோசமாகும். அதனால் ஒரு சின்ன அட்டையில் இப்படி எழுதிப் பர்ஸில் வையுங்கள்: "எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடவும்." கூட வருபவரிடமும் சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் தெளிவாகப் பேசும் நிலையில் இல்லாமல் போகலாம். அட்டையைக் காட்டினால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். காய்ச்சல், சும்மா இருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, குறையாத வயிற்றுவலி, கருப்பாக மலம், ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தாலும் அதே நாள் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள், கோஆர்டினேட்டருக்குப் போன் செய்து நேரத்தை விடாதீர்கள்.

வைட்டமின், சத்து மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தோலில் ஒட்டும் வைட்டமின் பட்டையும் மிட்டாய் வைட்டமினும் மாத்திரைக்கு ஈடாகாது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவராக இருந்தால், பழைய அளவையே தொடராமல் டாக்டரிடம் உடனே கேளுங்கள், எடை குறையும்போது அந்த அளவு அதிகமாகிவிடும்.

மூன்றாம், நாலாம் மாதத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் சில மாதத்தில் தானாக நிற்கும், அதற்கும் புரதம்தான் உதவும். அப்போது பயோட்டின் டப்பாவோடு ஒருவர் வருவார், அநேகமாக இதே கோஆர்டினேட்டர். வாங்கிச் சாப்பிட்டால் தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவே தப்பாக வரக்கூடும்.

மூன்றாம் மாதம் போகும்போது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரும்பு இருப்பு, பி12, டி வைட்டமின், கால்சியம் இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் எழுதித்தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அன்று மெஷினில் 101 என்றே காட்டினால், பவுடரைப் பற்றி இல்லாமல், தினமும் எத்தனை கிராம் புரதம் சாப்பிட்டீர்கள் என்று எழுதிய நோட்டை டயட்டீஷியனிடம் காட்டிப் பேசுங்கள்.