கறுப்பாகத் தெரிவதெல்லாம் எண்ணெய் இல்லை

உங்கள் மகள் இயற்பியல் படித்துவிட்டு, செயற்கைக்கோள் ரேடார் மூலம் கடல் எண்ணெய் மாசைக் கண்காணிக்கும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். "கப்பலில் அலைய வேண்டியிருக்குமா? இதற்கெல்லாம் யார் சம்பளம் தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பயம் வேண்டாம். இது பெரும்பாலும் கணினித் திரைக்கு முன்னால் நடக்கிற வேலை. இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு முன் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம்.

ரேடார் தானே ரேடியோ அலையை அனுப்பி, கடலின் சிற்றலைகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கிறது. அதனால் இருட்டும் மேகமும் தடையில்லை. எண்ணெய் படர்ந்தால் சிற்றலைகள் அடங்கிவிடும், திரும்பி வருவது குறையும், படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். இவ்வளவுதான் என்றால் பள்ளிப் பிள்ளையே செய்துவிடும். காற்றடிக்காத கடலும் கறுப்புத்தான். கடல் உயிரினங்கள் சுரக்கும் இயற்கைப் படலமும் கறுப்புத்தான். காற்று விநாடிக்கு 2-3 மீட்டருக்குக் கீழே போனால் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகத் தெரியும். 12 மீட்டரைத் தாண்டிவிட்டாலோ எண்ணெயே கலைந்து மறையத் தொடங்கும். திட்டின் வடிவம், அன்றைய காற்று, அவ்வழியே போன கப்பல்கள் தாம் யார், எங்கே இருக்கிறோம் என்று தாமே அறிவிக்கும் ஏஐஎஸ் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் 'எண்ணெயாக இருக்கலாம்' என்று எழுத முடியும். 'லாம்' என்பதைக் கவனியுங்கள். படலம் எவ்வளவு தடிமன் என்றுகூட சாதாரண ரேடார் படம் சொல்லாது. சட்டென்று விடை கிடைத்தே ஆக வேண்டும் என்கிற பிள்ளைக்கு இது சரிவராது.

சம்பளத்துக்கு வருவோம். ஐரோப்பியக் கடல்சார் பாதுகாப்பு முகமை 2007 முதல், செயற்கைக்கோள் படங்களில் எண்ணெய் மாசைத் தேடும் கிளீன்சீநெட் என்ற சேவையை நடத்துகிறது. கடலோரக் காவல் அமைப்புகள், எண்ணெய் நிறுவனங்கள், செயற்கைக்கோள் தரவு நிறுவனங்களுக்கும் இந்த ஆட்கள் தேவை. ஆனாலும் எண்ணெய்க்கென்றே உள்ள இடங்கள் குறைவு, மறைக்க மாட்டேன். அதனால் 'எண்ணெய்க் கசிவு' என்று பெயரிட்ட குறுகிய படிப்பைத் தேடாதீர்கள். இயற்பியலோடு கணிதமும் பைத்தான் என்ற நிரல்மொழியும் இருக்கட்டும். முதுகலையில் தொலையுணர்வோ (செயற்கைக்கோள் போன்றவற்றால் தூரத்திலிருந்து பூமியை ஆராய்வது) கடலியலோ எடுக்கலாம். அதே ரேடார் அறிவு வெள்ளம், கடல் பனி, நிலம் தாழ்வது என்று பல இடங்களில் சோறு போடும்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை. 2014 முதல் ஏவப்பட்டுவரும் சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் வரிசையின் படங்கள் இலவசம்; அவற்றைத் திறக்கும் ஸ்நாப் மென்பொருளும் இலவசம். கடற்படம் ஒன்றை இறக்கி, ஒரு கறுப்புத் திட்டை எடுத்துக்கொண்டு, அது ஏன் எண்ணெய் இல்லை என்று அவளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். கல்லூரியைப் பற்றி அப்போது பேசுவோம்.