இதயத்துடிப்பு ஒழுங்கில்லாத அப்பாவுக்குப் பாரிசவாதம்: பழையபடி எழும்புவாரா?

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு ஏட்ரியல் பிப்ரிலேஷன், அதாவது இதயத்துடிப்பு தாறுமாறாக அடிக்கிற வருத்தம், இருக்கிறதென்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது இரத்தக்கட்டி அடைத்துப் பாரிசவாதம் வந்து மட்டக்களப்பில் வாட்டில் இருக்கிறார். என்ன சிகிச்சை, பழையபடி எழும்புவாரா, வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் போடலாமா?

நான் இங்கே மருத்துவ வாட்டுகளில் நீண்டகாலம் தாதியாக இருந்தவள். அப்பாவை நேரில் பார்க்கிற டொக்டரின் முடிவுக்கு மேலாக என் பதிலை எடுக்க வேண்டாம்.

முதலில், இந்த வகை ஏன் கடுமையாக வருகிறது? இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கும்போது, இடது மேலறையை ஒட்டியுள்ள சின்னப் பை போன்ற இடத்தில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி பெரிதாக இருப்பதால் மூளையின் பெரிய குழாயையே போய் அடைக்கிறது. அதனால்தான் மற்றக் காரணங்களால் வரும் பாரிசவாதத்தைவிட இதில் பாதிப்பும் இறப்பும் கூட. முதல் கிழமையில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கூடுதலான முன்னேற்றம் முதல் மூன்று மாதத்துக்குள் வரும், அதற்குப் பிறகும் மெதுவாக வரும். வாய் கோணி வந்து, நடந்தே வீட்டுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் கணக்கு. அது அப்பாவுக்குக் கடந்துவிட்டது. இருந்தாலும் இந்த வருத்தம் திரும்பி வரக்கூடியது என்பதால் சொல்கிறேன். கடைசியாக அவர் நல்லாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தது என்பதுதான் டொக்டர் கேட்கும் முதல் கேள்வி. அப்படி வந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், கிளினிக் கொப்பியையும் குளிசைப் பைகளையும் கையோடு கொண்டு போங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குளிசை குடிப்பவருக்கு ஐ.என்.ஆர்., அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் அளவு, 1.7க்கு மேல் இருந்தால் அந்த ஊசி போடமாட்டார்கள். சி.ரி. ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் எதுவும் தொடங்கும்.

இப்போது உங்களுக்கு முக்கியமானது இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை. “அப்பாவுக்கு அதை ஏன் இன்னும் தொடங்கவில்லை?” என்று வாட்டில் பிள்ளைகள் கோபப்படுவார்கள். செத்துப்போன மூளைப்பகுதி பெரிதாக இருந்தால் அதற்குள்ளேயே இரத்தம் கசியலாம், அந்தப் பயம்தான் காரணம். முன்பெல்லாம் பெரிய பாரிசவாதத்துக்குப் பன்னிரண்டு நாள் வரை பொறுத்திருப்பது வழக்கம். 2023இல் வந்த ஈலான், 2024இல் வந்த ஒப்டிமாஸ் ஆய்வுகளுக்குப் பிறகு, புதிய வகைக் குளிசைகளை முன்கூட்டித் தொடங்குவதால் கசிவு கூடவில்லை என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. எந்த நாள் என்பதை ஸ்கேனைப் பார்த்து டொக்டர் சொல்வார். அஸ்பிரின் இதற்கு ஈடாகாது. ஏட்ரியல் பிப்ரிலேஷனில் அஸ்பிரின் தரும் பாதுகாப்பு மிகக் குறைவு, வார்பரின் பாரிசவாத ஆபத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது.

எந்தக் குளிசை? எக்கோ, அதாவது இதயத்தை ஸ்கேன் பண்ணும் பரிசோதனை, பார்த்தார்களா என்று கேளுங்கள். சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் வார்பரின்தான். 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்விலும் அப்படிப்பட்டவர்களுக்கு வார்பரின் வகைதான் நன்றாக இருந்தது. வால்வு சரி என்றால் அபிக்சபான், டாபிகாட்ரான் போன்றவை நல்லவை. ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை, மூளையில் கசிவும் குறைவு. சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும்.

வார்பரின் என்றால் ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். இலைக்கறியை நிறுத்தச் சொல்லி யாராவது சொல்வார்கள், நிறுத்தாதீர்கள். முருங்கையிலையோ வல்லாரையோ, கிழமைக்குக் கிழமை ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். நோவுக் குளிசையைப் பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எண்ணெயை மெதுவாகப் பூசுவதில் பிழையில்லை. வழங்காத கையை இழுத்து உருவுவதுதான் கூடாது, தோள் மூட்டு விலகிவிடும். உள்ளுக்குக் கொடுக்கும் கஷாயம் எதுவானாலும் கிளினிக்கில் சொல்லாமல் கொடுக்காதீர்கள். அதோடு, விழுங்குவதைச் சோதிக்கும்வரை ஒரு மிடறு தேத்தண்ணிகூட வேண்டாம். பாசத்தில் கரண்டியால் பருக்கி, அது சுவாசப்பைக்குள் போய் நியூமோனியா வந்து போனவர்கள் உண்டு. அது எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாத விடயம்.

படுவான்கரைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மம்மா நன்றாகத் தேறி வீட்டுக்குப் போனார். அறுவடைக் காலத்தில் கிளினிக்குக்குக் கூட்டிவர ஆளில்லை, “இப்ப சுகம்தானே” என்று குளிசையும் நின்றது. அடுத்த தடவை மற்றப் பக்கமும் விழுந்து, பேச்சும் போய் வந்தார். மகள் கொண்டுவந்த கிளினிக் கொப்பியில் கடைசி ஐ.என்.ஆர். 2.4 என்று எழுதியிருந்தது, அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். சுகமாக இருந்ததே அந்தக் குளிசையால்தான் என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

ஆகவே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புமுன் டொக்டரிடம் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: குளிசையின் பெயர், தொடங்கும் நாள், வால்வின் நிலை, அடுத்த கிளினிக் திகதி, பிசியோதெரபிக்கு எங்கே வருவது. இரவுக் குளிசையை யார் கொடுப்பது என்று வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுங்கள்.