கீமோ நடுவே கென்யப் பள்ளிக்கு நன்கொடை: ஜிபே எண்ணைப் போடலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. எட்டு கீமோவில் நான்கு முடிந்துவிட்டது. அடுத்து பாக்லிடாக்சல் என்கிறார் டாக்டர். கென்யாவில் கிசுமு பக்கம் ஒரு கிராமப் பள்ளிக்கு வகுப்பறை கட்டித் தரும் தொண்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் பதிவானது. தை மாதம் என் கணவருக்கு மணிவிழா. வருகிறவர்கள் மொய்க்குப் பதிலாக அந்தப் பள்ளிக்குக் கொடுக்கட்டும் என்று இருவரும் நினைக்கிறோம். 6 லட்சம் சேர்க்க ஆசை. என் ஜிபே எண்ணை வாட்ஸ்அப்பில் போட்டு வாங்கி மொத்தமாக அனுப்பலாமா? தெரிந்தவர் ஒருவர், தன் டிரஸ்ட் மூலம் வாங்கினால் எல்லோருக்கும் 80ஜி ரசீது, அதாவது வருமான வரிக்கழிவுக்கான நன்கொடை ரசீது, கிடைக்கும் என்கிறார். எது சரி?
— வாசகி, கொளத்தூர், சென்னை

ஆடிட்டர் பதில்:

இரண்டும் வேண்டாம் அம்மா. ஜிபே எண்ணைப் போடாதீர்கள். அந்த டிரஸ்ட்காரரிடமும் போகாதீர்கள். கொடுக்க விரும்புகிறவர் ஒவ்வொருவரும் தன் கார்டிலிருந்து அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேராகக் கட்டட்டும். கேட்பது மட்டும் உங்கள் வேலை. வாங்குவது அவர்கள் வேலை.

காரணம் எளிது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வந்த பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் உங்கள் வருமானம் என்கிறது சட்டம். ‘எனக்கில்லை, பள்ளிக்காக வாங்கினேன்’ என்று விளக்கலாம். காகிதமெல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒப்புக்கொள்ளவும் கூடும். ஆனால் அதே பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கியில் ‘இது என் சொந்தப் பணம்’ என்று உறுதிமொழி கொடுக்கிறீர்கள். வருமான வரித்துறையிடம் ‘என் பணமில்லை’, வங்கியிடம் ‘என் பணம்தான்’. இரண்டு காகிதத்தையும் ஒரே அதிகாரி பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? அந்த நோட்டீஸ் வரும்போது நீங்கள் ரேடியேஷனுக்கு ஓடிக்கொண்டிருப்பீர்கள். இந்தத் தலைவலி தேவையே இல்லை.

மொய்க்கு வரி கிடையாதே என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை ஒருவரின் சொந்தத் திருமணத்தில் வரும் அன்பளிப்புக்குத்தான். அறுபதாம் கல்யாணத்தில் தாலி கட்டினாலும் அதைத் திருமணம் என்று அதிகாரியிடம் வாதாடிப் பார்க்க வேண்டாம். பிறந்தநாள், கிரகப்பிரவேசம் எதற்கும் இந்தச் சலுகை இல்லை.

கார்டே இல்லாத பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருப்பார்கள். உறவினர் கொடுக்கும் பணத்துக்கு உச்சவரம்பு இல்லை என்பதால் அவர்களுக்கு வேறு வழி உண்டு. அவர்கள் உங்களுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தால் அது உங்கள் பணமாகிவிடுகிறது. பிறகு நீங்கள் பொய் சொல்லாமல் அனுப்பலாம். ஆனால் யார் உறவினர் என்பதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பணம் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். உங்களுக்குக் கணவர், பிள்ளைகள், பேரன் பேத்திகள், பெற்றோர், மாமனார் மாமியார், உங்கள் உடன்பிறந்தவர்கள், கணவரின் உடன்பிறந்தவர்கள், உங்கள் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், இவர்கள் எல்லோருடைய கணவன் மனைவியரும் உறவு. சித்தப்பா மகன், அத்தை மகள் உறவில்லை. சம்பந்தி உறவில்லை. உங்கள் அக்கா மகனுக்கு நீங்கள் கொடுத்தால், அவனுக்கு நீங்கள் அம்மாவின் தங்கை என்பதால், உறவு. அவன் உங்களுக்குக் கொடுத்தால் உறவில்லை! தூக்கி வளர்த்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் அந்நியன். இன்னொன்று: உங்கள் கணவரின் சித்தப்பா கொடுக்கும் பணம் உங்கள் கணக்கில் வந்தால் அந்நியர் பணம், கணவர் கணக்கில் வந்தால் உறவினர் பணம். ஆகவே கணவர் வழிப் பெரியவர்கள் கணவர் கணக்குக்கும், உங்கள் வழிப் பெரியவர்கள் உங்கள் கணக்குக்கும் அனுப்பட்டும். ரொக்கம் வேண்டாம், வங்கி வழியாக மட்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு வெள்ளைத்தாளில் பெயர், பான் எண், உறவுமுறை, தொகை, ‘அன்பளிப்பாகக் கொடுத்தேன்’ என்ற ஒரு வரி, கையெழுத்து வாங்கி வையுங்கள். முத்திரைத்தாள், நோட்டரி என்று யாராவது இழுத்தால் மறுத்துவிடுங்கள்.

இனி அந்த 80ஜி ஆசாமி. இந்தியாவில் பதிவான அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவிட்டால் வரிவிலக்கு கிடைக்காது. மத்திய நேரடி வரிகள் வாரியத்திடம் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அப்படி அனுமதி வாங்கிய டிரஸ்ட் தெருவுக்குத் தெரு இல்லை. அவரிடம் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ரசீது கொடுத்து, ‘நிர்வாகச் செலவு’ என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, மீதி எங்கே போனது என்று சொல்லாமல் நழுவுவதுதான் இந்த வியாபாரத்தில் வழக்கம். ரசீதைக் காட்டி வரிக்கழிவு கேட்ட உங்கள் நண்பர்களுக்கு நோட்டீஸ் வரும், உங்களுக்குக் கெட்ட பெயர் வரும். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் 80ஜி கிடையாது. அழைப்பிதழிலேயே அதை எழுதிவிடுங்கள்.

இன்னொரு வகை ஆளும் வருவார்: ‘கென்யாவில் எல்லாம் எம்-பேசா என்ற கைபேசிப் பணம்தான், நைரோபியில் என் ஆள் இருக்கிறான், இங்கே ரொக்கம் கொடுங்கள், வங்கியைவிட நல்ல ரேட்டில் அங்கே போனில் விழும்’ என்பார். அதற்குப் பெயர் ஹவாலா. அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அபராதம் அனுப்பிய தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், நண்பர்கள் பணத்தைச் சென்னைக்கு அனுப்பவே கூடாது. லண்டன் பணம் கொளத்தூர் வந்து மறுபடி லண்டன் போவானேன்? வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தொண்டுக்கென்று உங்களிடம் கொடுத்தால் வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் வேறு குறுக்கே வரும். அதில் மாட்டினால் ஆடிட்டர் போதாது, வக்கீல் வேண்டும். பிரிட்டனில் வரி கட்டுகிறவர்கள் நேராகக் கொடுக்கும்போது ‘கிஃப்ட் எய்ட்’ கட்டத்தில் டிக் செய்தால், அவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அந்நாட்டு அரசு 25 பென்ஸ் சேர்த்து அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும்.

கேட்கத் தொடங்கும் முன் நிறுவனத்தைச் சரிபாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் அறநிலைய ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் இலவசம். பதிவு எண்ணைப் போட்டால் வரவு, செலவு, அறங்காவலர் பெயர்கள் எல்லாம் வரும். கணக்கு தாக்கல் செய்யத் தாமதித்திருந்தால் அதுவும் தெரியும். பெயர் ஒத்துப்போனால் போதாது, எண் ஒத்துப்போக வேண்டும். ஒரே மாதிரி பெயரில் பல இருக்கும். பிறகு மின்னஞ்சலில் இரண்டு கேள்வி. இந்தப் பணத்தை அந்த வகுப்பறைக்கு மட்டும் என்று தனி நிதியாகக் கணக்கில் வைப்பீர்களா? தொகை குறைந்தாலோ கூடினாலோ என்ன செய்வீர்கள்? எழுத்தில் பதில் வராவிட்டால் வேறு பள்ளியைத் தேடுங்கள்.

நண்பர்கள் கார்டில் கட்டும்போது வரும் சில்லறைத் தொல்லைகள்: வங்கி ஆப்பில் ‘சர்வதேசப் பயன்பாடு’ அணைத்து வைக்கப்பட்டிருக்கும், திறந்து, வரம்பு வைத்து, கட்டி முடித்ததும் மூட வேண்டும். ரூபே கார்டு பல வெளிநாட்டுத் தளங்களில் எடுபடாது. பெரும்பாலான கார்டுகளில் நாணய மாற்றுக்கு 2 முதல் 3.5 சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். ‘மாதாமாதம்’ என்ற கட்டம் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கலாம், எடுத்துவிடச் சொல்லுங்கள். நிதி திரட்டும் தளம் வழியாகக் கட்டினால் அந்தத் தளத்துக்கென்று ‘டிப்ஸ்’ ஒன்று தானாகச் சேர்ந்திருக்கும். அதைப் பூஜ்ஜியமாக்கலாம், ஆனால் அந்தப் பொத்தானை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருப்பார்கள்.

உறவினர் அன்பளிப்பை நீங்களோ கணவரோ வங்கி வழியாக அனுப்பும்போது, அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்குப் போங்கள். எல்லாக் கிளையிலும் இது நடக்காது. ஏ2 படிவம், பான் எண், நிறுவனத்தின் வங்கி விவரம் வேண்டும். நோக்கக் குறியீடு எஸ்1303, அதாவது வெளிநாட்டு அறநிறுவனங்களுக்கு நன்கொடை. தனிநபர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பதால் வரம்பு பிரச்சினை இல்லை. கவனிக்க வேண்டியது டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி பிடித்துக் கட்டும் வரி. ஒரு நிதியாண்டில் ஒருவர் எல்லா வங்கியிலும் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பியது 10 லட்சத்தைத் தாண்டினால், நன்கொடை போன்றவற்றில் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். பேரன் செலவுக்கு ஏற்கெனவே 8 லட்சம் அனுப்பியிருந்து இப்போது 6 லட்சம் அனுப்பினால், தாண்டிய 4 லட்சத்துக்கு 80,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். ரிட்டர்னில் வரவு வைத்துத் திரும்பப் பெறலாம், ஆனால் மாதக்கணக்கில் முடங்கும். கணவரும் நீங்களும் பிரித்து அனுப்பினால் பெரும்பாலும் இது வராது. கவுன்ட்டரில் இருப்பவர் உதவி செய்வதாக நினைத்து, ‘பள்ளிக்குத்தானே, கல்வி என்று போட்டால் குறையும்’ என்பார். கூடாது. அந்தக் குறைந்த விகிதம் வெளிநாட்டில் படிப்பவருக்கான செலவுக்கு. பள்ளிக்குக் கொடுக்கும் தானத்துக்கு அல்ல. படிவத்தில் கையெழுத்து அவருடையதில்லை, உங்களுடையது.

சில கிளைகளில் ஆடிட்டர் சான்றிதழ் கொண்டு வரச் சொல்வார்கள். தனிநபர் அனுப்பும் இத்தகைய நன்கொடைக்கு அது தேவையில்லை. விதி அவர்கள் கணினியிலேயே இருக்கிறது; திறந்து படிக்க மனமில்லாமல் சிகிச்சையில் இருப்பவரை அலைய விடுகிறார்கள். அந்தச் சான்றிதழுக்குக் காசு வாங்குகிற ஆடிட்டரும் உண்டு. கொடுக்காதீர்கள். மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள், வேலை நடக்கும்.

இங்கிலாந்து நிறுவனம் அனுப்பும் ‘நிதி திரட்டும் கையேட்டில்’ குலுக்கல் பரிசு என்று கட்டாயம் ஒரு யோசனை இருக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. மணிவிழாவில் நல்ல காரியத்துக்காகவே என்றாலும் டிக்கெட் விற்றுக் குலுக்காதீர்கள். மெரினாவில் நடைப்பயணம் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலக அனுமதி வேண்டும். அந்த அலைச்சல் இப்போது உங்களுக்கு எதற்கு?

வேண்டுகோளில் உங்கள் நோயைச் சொல்வது உங்கள் விருப்பம். சொன்னால் முதல் வரியிலேயே ‘இது என் சிகிச்சைக்கான உதவி அல்ல’ என்று இருக்கட்டும். ஸ்கேன் ரிப்போர்ட், மருத்துவமனை அட்டை, முடி கொட்டிய தனிப்படம் எதையும் பகிராதீர்கள். அந்தப் படத்தை எடுத்து, கீழே வேறு கியூஆர் ஒட்டி, ‘உயிருக்குப் போராடும் தாய்’ என்று சுற்றவிடும் கூட்டம் இருக்கிறது. படம் போட்டே ஆக வேண்டுமென்றால் கணவரோடு இருக்கும் படத்தின் மேலேயே பள்ளியின் பெயரை எழுதிப் போடுங்கள். போலி கண்ணில் பட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக, மருந்து உங்கள் வங்கி வேலையைத் தொடும் இடங்கள். பாக்லிடாக்சலில் விரல் நுனி மரத்துப்போவது சகஜம். கையெழுத்து மாறும், வங்கி படிவத்தைத் திருப்பி அனுப்பும். முடிந்தால் அடுத்த கீமோவுக்கு முன்பே கிளைக்குப் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்து கொடுங்கள், அல்லது அனுப்பும் பொறுப்பைக் கணவர் பெயரிலேயே வைத்துவிடுங்கள். பின்னால் கேப்சிடபைன் மாத்திரை கொடுத்தால் சிலருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து ரேகையே தேய்ந்துவிடும்; ஆதார் கைரேகை எடுக்காது. ஓடிபி அல்லது முகம் வழிச் சரிபார்ப்பைக் கேளுங்கள். வீடியோ கேஒய்சி-யில், அதாவது வீடியோ அழைப்பில் வங்கி அடையாளம் சரிபார்க்கும்போது, பழைய படத்தோடு முகம் பொருந்தவில்லை என்றால் நேரில் போவதே சுலபம். களைப்பில் ஓடிபி-யையும் கடவுச்சொல்லையும் ‘உதவி செய்கிற’ யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், அவர் சொந்தக்காரரே ஆனாலும்.

விழா நாளை ஜோசியர் குறிப்பதற்கு முன் டாக்டர் குறிக்கட்டும். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைதான் பொதுவாக வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்த வாரத்தில் மண்டபக் கூட்டமும் கைகுலுக்கலும் ஆகாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், மேடையில் இருந்தாலும் இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வங்கி வழி அனுப்பும் பணத்தை டாலராக மாற்றாமல் பவுண்டாகவே அனுப்புங்கள். இல்லையென்றால் இரண்டு முறை மாற்றுக் கட்டணம் போகும். இங்கிலாந்துக் கணக்கின் ஐபான் எண் 22 எழுத்து, ஜிபி என்று தொடங்கும். இடைவங்கிக் கட்டணம் முழுவதையும் அனுப்புகிறவரே ஏற்கும் வகையைக் கேட்டால்தான் தொகை குறையாமல் போய்ச் சேரும். அனுப்பிய அன்றே ஸ்விஃப்ட் நகல், அதாவது வங்கி பணம் அனுப்பியதைக் காட்டும் தாள், வாங்கி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் செய்யுங்கள். ஒரு வாரத்தில் ரசீது வராவிட்டால் அந்த நகலைக் காட்டி, பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்லும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.