அல்லூர்க் கணக்குக்கு நிலத்தை எப்படிக் கூறு பிரிப்பது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் 14 ஏக்கர் செம்பனை இருக்கிறது. மேலே பழைய ரப்பர், அதை ஒட்டி மறுநடவுக்கு மொட்டையாக்கிய மேடு. அக்டோபர், நவம்பரில் எங்கள் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. அல்லூரை (தோட்டத்து வடிகாலை) அகலப்படுத்த, மழைநீர் எவ்வளவு ஓடும் என்று கணிக்கும் 'ஸ்வாட்' மென்பொருளில் கணக்குப் போடுகிறோம். நிலத்தை லாட் (சர்வே துண்டு) வாரியாகப் பிரித்தால் போதுமா?

பதில்: போதாதுங்க. லாட் கோடு சர்வேயர் போட்டது. அல்லூர் சடக்கை (சாலையை) கடக்கும் குழாயைக் கடைவாயாக, அதாவது தண்ணீர் வெளியேறும் இடமாக வைத்து, அங்கிருந்து மேட்டு முதுகு வழியே கோடு இழுங்கள். அதற்குள் விழும் மழைதான் உங்கள் கணக்கு. பக்கத்தில் சுண்ணாம்புக் குன்று இருந்தால் அந்தக் கோட்டை முழுசாக நம்ப வேண்டாம். பொந்தில் இறங்கிய தண்ணீர் வேறு பக்கம் கிளம்பும்.

பிறகு பயிர், மண், சரிவு மூன்றும் ஒத்துப்போகும் இடங்களை ஒரே கூறாக்குங்கள். மழையில் எவ்வளவு ஓடும் என்பதைக் காட்டும் எண் 'கர்வ் நம்பர்'; அது கூடினால் ஓட்டமும் கூடும். பாதி ரப்பர் (கர்வ் நம்பர் 60), பாதி மொட்டை மேடு (86) என்று வையுங்கள். 50 மி.மீ. மழைக்கு ரப்பரில் 1.4 மி.மீ., மேட்டில் 21 மி.மீ. ஓடும், சராசரி 11. இரண்டையும் கலந்து 73 என்று போட்டால் 8தான் வரும்.

சின்னத் துண்டுகளைக் கழிக்க, பயிருக்கு 20, மண்ணுக்கு 10, சரிவுக்கு 20 விழுக்காடு என்று வரம்பு வைத்து, அதற்குக் குறைவான பரப்பை விட்டுவிடுவது வழக்கம். பெரிய ஆற்றுப்படுகைக்கு அது சரி. உங்கள் அளவுக்குச் செம்மண் சடக்கும் குலை இழுக்கும் பாதையும் அதில் காணாமல் போய்விடும். மிதிபட்டு இறுகிய அங்கேதான் தண்ணீர் முதலில் ஓடும். பயிர் வரம்பைப் பூஜ்யமாக்குங்கள்.

சரிவை மென்பொருள் விழுக்காட்டில் கேட்கும், தோட்டத்தில் டிகிரியில் பேசுவோம். 25 டிகிரி என்றால் ஏறக்குறைய 47 விழுக்காடு. 2000ஆம் ஆண்டு விண்கல ராடார் உயரப்படத்தை எடுத்தால் அது மரத்தலையைத் தரையாகக் காட்டும். அப்போது ரப்பர் நின்று பக்கத்தில் வெட்டவெளியாக இருந்த ஓரம், இல்லாத செங்குத்துச் சரிவாகத் தெரியும். நேரில் அளந்து பாருங்கள்.

பழைய ஸ்வாட்டில் கூறுகள் ஒன்றுக்கொன்று தண்ணீர் தராது, எல்லாமே நேரே ஓடைக்குப் போகும். மேட்டுத் தண்ணீர் உங்கள் பள்ளத்தில் இறங்குவது தெரியவே தெரியாது. 'ஸ்வாட் பிளஸ்'ஸில் மேட்டுநிலம், தாழ்நிலம் என்று பிரித்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடவிடலாம். அதை எடுங்கள்.

அல்லூரின் அகலத்தை மட்டும் இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்வாட் பொதுவாக ஒரு நாளுக்கு மொத்தமாகத்தான் கணக்குப் போடும். அல்லூரை உடைப்பது சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டும் மழை. அந்த உச்ச ஓட்டத்துக்கு வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் 'மஸ்மா' கையேட்டில் உள்ள மழைத் தீவிர எண்களை எடுத்துத் தனியாகப் போடுங்கள்.