இரவெல்லாம் கதவைத் தட்டும் முகவரிகள்: வாசகர் கேள்வி–பதில்

டெல்டா மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, சிறு சர்வர்களைத் தாக்கும் இணைய முகவரிகளை, அதாவது இணையத்தில் இணைந்த கருவிகளைக் குறிக்கும் ஐ.பி. எண்களைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் பித்தளைப் பாத்திரக் கடை நடத்துகிறோம். வெளியூர் ஆர்டர்களுக்காக ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து இணையதளம் வைத்திருக்கிறோம். என் மகன் அதன் லாக்கை (சர்வர் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவை) திறந்து காட்டியபோது, ஒரே இரவில் ஆயிரக்கணக்கான முறை யாரோ நுழைய முயன்று தோற்றிருப்பது தெரிந்தது. எங்களுக்கு யாரோடும் பகை இல்லையே, யார் இதைச் செய்கிறார்கள்? — ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்களைக் குறிவைத்து யாரும் இதைச் செய்யவில்லை. உங்கள் கடையின் பெயரோ ஊரோ தாக்கும் இயந்திரத்துக்குத் தெரியாது. பழைய முறை (ஐ.பி.வி.4) இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடிதான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற மென்பொருள், நல்ல வேகமுள்ள இணைப்பில் ஒரே கணினியிலிருந்து அத்தனை முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் ஒரு சுற்று தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டியது. அந்த ஆய்வு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டது. ஆனால் அதே வேகம் தீய நோக்கமுள்ளவர்களுக்கும் இன்று எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. புதிதாக ஒரு சர்வரை இயக்கினால், அதன் முகவரியை நீங்கள் யாருக்கும் சொல்வதற்கு முன்பே முதல் தட்டல் வந்துவிடுவது இதனால்தான்.

தட்டுகின்றவையும் பெரும்பாலும் தாக்குபவரின் சொந்தக் கணினிகள் அல்ல. 2016-இல் பரவிய மிராய் என்ற தீய நிரலை எண்ணிப் பாருங்கள். கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள் ஆகியவற்றில் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளில் 60-க்கும் சற்றே கூடுதலானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அது இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அத்தகைய கருவிகள் பல சேர்ந்து, இணையதளப் பெயர்களுக்குரிய முகவரிகளைத் தேடித் தரும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கியபோது, பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் எட்டாமல் போயின. உங்கள் லாக்கில் தெரியும் முகவரியும் உங்களைப் போலவே ஏமாந்த ஒருவரின் கடைக் கேமராவாகவோ, பராமரிக்காமல் விடப்பட்ட வேறொரு வாடகைச் சர்வராகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடவுச்சொல்லைக் கொண்டு நுழையும் வழியை முற்றிலும் மூடிவிட்டு, சாவிக் கோப்பு (உங்கள் கணினியில் இரகசியமாக வைத்திருக்கும் அடையாளக் கோப்பு) உள்ளவர் மட்டுமே நுழையும்படி மகனை மாற்றி அமைக்கச் சொல்லுங்கள். எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் என்ற பெயரில் நேரடியாக நுழைவதையும் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகும் தட்டல்கள் தொடரும். ஆனால் எந்தக் கடவுச்சொல்லை ஊகித்தாலும் கதவு திறக்காது.

கேள்வி: எங்கள் ஆய்வகச் சர்வரில் ஃபெயில்டுபேன் நிறுவியிருக்கிறேன். தவறாக முயலும் முகவரிகளை அதுவே அடைத்துவிடுகிறது. அதற்கு மேலும் புகார் செய்வதில் பயன் உண்டா? உண்டென்றால் யாருக்கு, எப்படி எழுதுவது? — கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர், திருவாரூர்

பதில்: உண்டு என்பதே என் உறுதியான கருத்து. ஆற்றங்கரையில் உடைப்பு ஏற்பட்டால் நாம் வரப்பை உயர்த்திக் கட்டி நம் நடவைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். கரைக்குப் பொறுப்பானவரிடம் சொல்லி உடைப்பை அடைப்பதே முடிவான வேலை. ஃபெயில்டுபேன் உங்கள் வரப்பு. அதன் இயல்பான அமைப்பில், 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறிய முகவரி அடுத்த 10 நிமிடங்களுக்கு மட்டுமே தடுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் அதே கருவி வேறு பல கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கும்.

கரைக்குப் பொறுப்பானவர் யார் என்பதைக் கண்டறிய ஹூயிஸ் என்ற பொதுத் தேடல் போதும். உலகின் இணைய முகவரிகளை ஐந்து மண்டலப் பதிவகங்கள் பிரித்து வழங்குகின்றன. ஆசிய பசிபிக் பகுதிக்கானது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இயங்கும் ஏப்னிக். இந்தியாவில் ஐ.ஆர்.ஐ.என்.என். என்ற தேசியப் பதிவகமும் முகவரிகளை ஒதுக்குகிறது. தேடலில் முகவரியை இட்டால், அந்தத் தொகுதி எந்த இணைய நிறுவனத்தின் பெயரில் உள்ளது என்பதோடு, முறைகேடுகளைத் தெரிவிப்பதற்கென்றே வைக்கப்பட்ட மின்னஞ்சலும் பெரும்பாலும் கிடைக்கும். முகவரியோடு ஒட்டி வரும் ஊர்ப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அது நிறுவனம் பதிவு செய்துகொண்ட ஊராக இருக்கலாம். கருவி வேறெங்கோ இருக்கும்.

புகாரின் உயிர் நேரக் குறிப்பில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய ஒரு புகாரில் இந்திய நேரத்தை எழுதி, அது இந்திய நேரம் என்பதைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டேன். பெற்றவர்கள் அதை உலகப் பொது நேரமாகக் கொண்டு ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடி, அந்த நேரத்தில் அந்த முகவரியை வைத்திருந்த வேறொரு வாடிக்கையாளரின் இணைப்பை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு நேர்ந்த இடையூறுக்கு என் கவனக்குறைவே காரணம் என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். அன்றிலிருந்து சர்வரின் கடிகாரத்தைப் பொது நேரச் சேவையோடு இணைத்துவைப்பதையும், ஒவ்வொரு புகாரிலும் நேர மண்டலத்தை எழுதுவதையும் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

நேரத்துக்கு அடுத்தது போர்ட் எண், அதாவது ஒரு முகவரியில் எந்த இணைப்பு என்பதைக் காட்டும் எண். முகவரித் தட்டுப்பாட்டால், குறிப்பாகக் கைப்பேசி இணைப்புகளில், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தாக்கியவரின் பக்கத்துப் போர்ட் எண் இல்லாவிட்டால், அவர்களில் யார் என்று அந்த நிறுவனத்தாலேயே பிரித்தறிய முடியாமல் போகலாம். ஆகவே தாக்கிய முகவரி, அதன் போர்ட், உங்கள் சர்வரின் முகவரி, தாக்கப்பட்ட போர்ட், நொடி வரையிலான நேரம், லாக்கிலிருந்து மாற்றாமல் எடுத்த பத்து இருபது வரிகள் ஆகியவற்றை எளிய ஆங்கிலத்தில் எழுதி, படமாக அல்லாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். உங்கள் மாணவர்களின் பயனர் பெயர்கள் அந்த வரிகளில் கலந்திருந்தால் அவற்றை நீக்கிவிடுங்கள். கோபம் வேண்டாம், படிப்பவரும் நம்மைப் போல ஒரு பணியாளர்தான்.

பதில் வருமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் தானியங்கிப் பதிலே வரும். சில நிறுவனங்கள் ஒருநாளும் வாய் திறப்பதில்லை. ஆயினும் ஓசையில்லாமல் அந்தச் சர்வரை நிறுத்திவிட்ட நிறுவனங்களையும் பார்த்திருக்கிறேன். முகவரி தட்டுவது நின்றதா என்பதை ஒரு வாரம் கழித்து உங்கள் லாக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: முகவரி கிடைத்துவிட்டதென்றால் ஆளையும் பிடித்துவிடலாம் அல்லவா? அந்தக் கணினிக்குள் நாமே நுழைந்து அதை முடக்கினால் என்ன? — பொறியியல் மாணவர், மன்னார்குடி

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கூடாது. உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுக்குள் வரும். அதையே தீய எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டுகள் வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அவர் முதலில் தாக்கினார் என்பதால் இது உரிமையாகிவிடாது. அதோடு, நீ முடக்கும் கருவி ஏதோ ஒரு மருத்துவமனையின் வரவேற்பறைக் கணினியாகவும் இருக்கலாம்.

ஆளைப் பிடிப்பது எவ்வளவு நீண்ட வேலை என்பதற்கு ஒரு பழைய நிகழ்வே சான்று. 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் அந்தச் சிறு தொகையைப் பின்தொடர்ந்தபோது, யாரோ உள்ளே புகுந்திருப்பது தெரிந்தது. தொலைபேசி நிறுவனங்கள், புலனாய்வுத் துறைகள், கடல் கடந்த நாட்டின் அதிகாரிகள் எனப் பலரின் உதவியோடு மாதக்கணக்கில் தடம் பிடித்து, இறுதியில் ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்த ஒருவரிடம் போய் நின்றார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தடத்தைத் திறந்து காட்ட அதற்கான அதிகாரம் உள்ளவர்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஆய்வகத்துக்கு அன்று கைகொடுத்தது தேதியிட்ட குறிப்பேடும், அச்சிட்டு வைத்த பதிவுகளும்தான். நீயும் செய்யக்கூடிய வேலை அதுவே.

கேள்வி: பொதுவில் கிடைக்கும் தீய முகவரிப் பட்டியல்களை அப்படியே ஃபயர்வாலில் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருளில்) ஏற்றிவிடலாமா? நாங்கள் வெளிநாட்டுக்கு எதையும் விற்பதில்லை, ஆகவே வெளிநாடுகளையே அடைத்துவிடலாமா? — விதை விற்பனையாளர், மயிலாடுதுறை

பதில்: பட்டியல்கள் பயனுள்ளவையே. அப்யூஸ்ஐபிடிபி என்ற தளத்தில் உலகெங்கிலுமுள்ள சர்வர் பராமரிப்பாளர்கள் தாக்கும் முகவரிகளைப் பதிகிறார்கள். ஒரு முகவரி தீயதுதான் என்பதில் எவ்வளவு உறுதி என்பதைக் காட்ட, அது 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. 1998-இல் தொடங்கப்பட்ட ஸ்பேம்ஹாஸ், குற்றவாளிகளின் கையிலேயே இருப்பதாகக் கருதும் முகவரித் தொகுதிகளைத் தனிப்பட்டியலாக வெளியிடுகிறது. பின்னதை ஏற்றலாம். முன்னதில் மதிப்பெண் மிக உயர்ந்தவற்றை மட்டும், அதுவும் சில நாள்களுக்கு மட்டும் அடைத்துவையுங்கள். இன்று தாக்கும் முகவரி நாளை வேறொரு வீட்டுக்குப் போய்விடும். குறுவைக்கு விதை கேட்டு வரும் உங்கள் வாடிக்கையாளரே அந்த வீட்டில் இருக்கலாம்.

நீங்களும் பட்டியலில் பதிவதானால் ஒன்றை மனத்தில் வையுங்கள். முன்கூட்டியே கைகுலுக்காமல் தரவை அனுப்பும் யு.டி.பி. முறையில் வரும் தரவுப் பொட்டலத்தில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுத முடியும். அந்த முகவரியைக் குற்றம் சாட்டினால் நிரபராதி மாட்டுவார். டி.சி.பி. முறையில் இரு பக்கமும் கைகுலுக்கி முடித்த பிறகே கடவுச்சொல் கேட்கும் கட்டம் வருவதால், தோற்ற நுழைவு முயற்சிகளில் காணும் முகவரியை நம்பிப் பதியலாம்.

நாடுகளை அடைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரிலுள்ள அப்பாவுக்காக விதை தேடும் பிள்ளைகள் நம் பகுதியில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். நிர்வாகப் பக்கத்தை மட்டும் இந்திய முகவரிகளுக்குத் திறந்துவைப்பது போதும்.

கேள்வி: அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமா? — கணக்குத் தணிக்கை அலுவலகம், தஞ்சாவூர்

பதில்: இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். அதில் வரையறுக்கப்பட்ட நிகழ்வுகளைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். தோற்றுப்போன ஒவ்வொரு தட்டலையும் தெரிவிப்பது அதன் நோக்கமன்று என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் யாரேனும் உள்ளே வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். செர்ட்-இன் கட்டணமில்லா எண் 1800-11-4949. பணம் பறிபோயிருந்தால் முதலில் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி: மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் அலுவலக முகவரி வெளிநாட்டுச் சர்வர்களைத் தாக்குவதாக எங்கள் இணைய நிறுவனம் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. நாங்கள் அனுப்பும் மின்னஞ்சல்களும் திரும்பி வருகின்றன. நாங்கள் எதுவும் செய்யவில்லை. — ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதை முழுமையாக நம்புகிறேன். யாரோ ஒருவர் நேரமும் போர்ட்டும் குறித்து முறையாகப் புகார் எழுதியதால்தான் இது உங்களுக்குத் தெரியவந்திருக்கிறது. அதை அவமானமாகக் கொள்ள வேண்டாம். கைப்பேசியில் பார்ப்பதற்காக இணையத்துக்குத் திறந்துவைத்த கேமரா பதிவுப் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைப் பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லே இன்றும் இருக்கக்கூடும். மிராய் வகை நிரல்கள் கருவியின் தற்காலிக நினைவகத்தில்தான் தங்குகின்றன. மின்சாரத்தை நிறுத்தி இயக்கினால் அழிந்துவிடும், ஆனால் கடவுச்சொல் மாறாவிட்டால் சிறிது நேரத்திலேயே திரும்ப வந்துவிடும். எனவே இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை அணைத்து இயக்கி, கடவுச்சொல்லை மாற்றி, உற்பத்தியாளரின் புதிய மென்பொருளை ஏற்றி, ரவுட்டரில் அதற்காகத் திறந்த போர்ட்டை மூடிய பிறகே மீண்டும் இணையுங்கள். அலுவலகக் கணினிகளைத் துப்புரவாக்க, செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

அதன் பிறகு உங்கள் இணைய நிறுவனத்துக்குப் பதில் எழுதுங்கள்: எந்தக் கருவி, எந்தத் தேதி எத்தனை மணிக்கு இணைப்பிலிருந்து எடுக்கப்பட்டது, என்ன மாற்றப்பட்டது என்று குறிப்பிடுங்கள். மின்னஞ்சல் திரும்பி வரும்போது அதிலேயே எந்தப் பட்டியல் தடுத்தது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்தத் தளத்தில் நீக்கக் கோரிக்கை கொடுங்கள். ஸ்பேம்ஹாஸ் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. பணம் கொடுத்தால் நீக்கித் தருகிறோம் என்று யாரேனும் அழைத்தால் மறுத்துவிடுங்கள்.