மாவட்டத் தடுப்பூசிக் கணக்கு சரி, எங்கள் தோட்ட டிவிஷனில் மட்டும் ஏன் ஏழு பிள்ளைகளுக்கு எம்எம்ஆர் (சின்னமுத்து எனும் தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி) விடுபட்டிருக்கிறது?

நீங்கள் எண்ணியதில் தவறில்லை. நுவரெலியாக் கணக்கு மாவட்டம் முழுவதற்குமான சராசரி. அதில் உங்கள் ஏழு பிள்ளைகள் கரைந்துவிடுவார்கள். சின்னமுத்து பரவுவதோ லயத்துக்குள், வரிசை வீடுகளில். அதைத் தடுக்க அங்கேயே 95 சதவீதப் பிள்ளைகளுக்கு இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும்.

பெரும்பாலும் விடுபடுவது இரண்டாவது ஊசி. ஒன்பதாம் மாதத்தில் தாயே தூக்கிக்கொண்டு போகிறாள். மூன்று வயதில் அவள் கொழும்பில் வேலைக்கு; பிள்ளை அம்மாயியிடம். கொழுந்து பறிக்கும் நாளில் கிளினிக் வைத்தால் அம்மாயி எப்படிப் போவார்?

ஒவ்வொரு வீட்டிலும் கிளினிக் அட்டையை வாங்கி, மூன்று வயதுக்கான வரியைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் பெயரைக் குறித்து, குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.

வெறும் வரி என்றாலே போடவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம், கொழும்பில் போட்டிருக்கலாம். சான்று இல்லையென்றால் கிளினிக்கில் கேளுங்கள். மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை.